ஏழாம் எண் கம்பம்

கே.கே. நகர், மதுரை
9.7.2023

அன்புத் தங்கை நாகஜோதிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உறையின்மேல் அலுவலக முத்திரையைப் பார்த்து ஏதோ நோட்டீஸ் என்று பயந்திருப்பாய். பயப்படாதே. அப்பாவை மீறி நீ கல்யாணம் செய்துகொண்டு போய் எட்டு வருடத்துக்குப் பிறகு உனக்கு எழுத ஒரு வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஊருக்குத் தெற்கே மீன்பிடித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல்சுவர் கட்டினார்கள் அல்லவா? கரையோரமாகத் தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணல் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. தென்பக்கம் மேடாகிறது. வடபக்கம், அதாவது உங்கள் பனையடிவலசைப் பக்கம், கரை அரிக்கிறது. தேங்கிய மணலைத் தண்ணீரோடு உறிஞ்சி, குழாய் வழியாகச் சுவரைத் தாண்டி வடபக்கம் கொட்ட இப்போது ஒரு பம்பு நிலையம் வந்திருக்கிறது. எந்த இடத்தில் கொட்டுவது, கலங்கல் எவ்வளவு தூரம் போகிறது, ஆமை முட்டையிடும் மாதங்களில் எப்போது நிறுத்துவது என்று பார்த்துச் சொல்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. கரையின் அளவுக்குப் பொறுப்பு நான்.

கரை நெடுக பதினான்கு இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறோம். சிவப்பும் வெள்ளையும் பூசியது. ஏழாம் எண் உங்கள் தெருவுக்கு முன்னால் நிற்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், தண்ணீர் வற்றும் நேரத்தில், கம்பத்திலிருந்து அலை தொடும் இடம் வரை நாடா பிடித்து அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். கையெழுத்திட்ட தாள்தான் செல்லும். போனில் சொல்வது செல்லாது. ஏழாம் எண்ணுக்கு உள்ளூர் அளவாளராக உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அளவுத்தாளோடு ஒரு கடிதமும் உள்ளே வை. அலுவலகக் கவர் என்றால் அப்பா பிரித்துப் பார்க்கமாட்டார்.

ஒரு விஷயம். ஊழியர்களின் உறவினர்கள் அளவாளராக இருக்கக் கூடாது என்று விதி. நீ என் தங்கை என்று யாரிடமும் சொல்லாதே. இன்னொன்று: கம்பம் போய்விட்டால் அதுவரை எடுத்த அளவும் போய்விடும். எப்பாடுபட்டாவது அதைக் காப்பாற்று.

அதை நட வந்த அன்று உன் வாசலில் ஒரு சின்னப் பெண் பல் தேய்த்துக்கொண்டு நின்றாள். அஸ்வினியாகத்தான் இருக்கும், பெயர் அம்மா ரகசியமாகச் சொல்லித் தெரியும். கூட அதிகாரிகள் இருந்ததால் பேசாமல் திரும்பிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அன்புடன்,
உன் அண்ணன்
அழகுபாண்டி


பனையடிவலசை
3.8.2023

பாசமுள்ள அண்ணனுக்கு,

தங்கை நாகு எழுதுவது. கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலாம் முறை என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, “ஒங்கண்ணன் மணல் லாரி ஓட்டுறாரா?” என்று கேட்டார். இல்லை, இன்ஜினியர் என்றேன். “அப்ப பெரிய மணல் லாரி” என்கிறார். அவர் பேச்சு எப்போதும் இப்படித்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பல் தேய்த்துக்கொண்டு நின்றது அஸ்வினியேதான். மூன்றாம் வகுப்பு போகிறாள். அன்றைக்கு நான் உள்ளே அடுப்பில் இருந்தேன். வாசல் வரை வந்தவர் ஒரு வாய் தண்ணீராவது கேட்டிருக்கலாம். யார் என்று தெரியாமலேயே கொடுத்திருப்பேன்.

முந்தாநாள் பௌர்ணமிக்கு அளந்தேன். இருபத்திரண்டு மீட்டர். நான் நாடா பிடிப்பதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு மதினி, “மதுரைக்காரி கடலுக்குச் சட்டை தைக்க அளவெடுக்குறாடி” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான். ஆனால் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில், எனக்கென்று ஒரு வேலை, அதை நான்தான் செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

குழாய் எங்கள் தெருவுக்கு நேரேதான் மணலைக் கொட்டுகிறது. கறுப்பாக வந்து விழுந்து, காய்ந்ததும் வெளுத்துவிடுகிறது. இவர் வலையில் இரண்டு நாள் ஒன்றும் விழவில்லை; கலங்கலால்தான் என்கிறார். அதையும் தாளில் குறித்திருக்கிறேன்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது பேசுவாரா? பேசாவிட்டால் பேசவில்லை என்றே எழுதுங்கள்.

அன்புத் தங்கை
நாகு


பனையடிவலசை
16.11.2023

பாசமுள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை அளவு எடுத்தேன். இருபத்தொன்று. தாள் உள்ளே இருக்கிறது.

அம்மா, தங்கப்பொண்ணு மதினியின் போனுக்கு அழைத்து என்னிடம் பேசியது. அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டதென்று அழுதது. பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியம் எனக்கு. நான் வரலாமா என்று கேட்டேன். அம்மா போனை வைத்துவிட்டது. அந்தப் பதில் எனக்குப் புரிந்தது. ஆனாலும் உங்களிடமும் கேட்கிறேன். வரலாமா?

இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது. போன மாதக் கடைசியில் மூன்று நாள் கடல் சும்மா இருக்கவில்லை. அலை கம்பத்தின் காலடிக்கே வந்து மண்ணைத் தோண்டிவிட்டது. போய்விடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, இவரும் நானுமாகப் பிடுங்கி மேலே ஏற்றி, பழையபடி ஆழமாக நட்டுவிட்டோம். கண்மாயில் தண்ணீர் ஏறினால் அப்பா ஆயில் இன்ஜினைக் கரைமேல் ஏற்றுவாரே, அது மாதிரி. தீபாவளிக்கு முன்னால் மறுபடியும் ஒருமுறை ஏற்றினோம். ஆகவே கம்பத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெயிண்ட் கூட உரியவில்லை.

அப்பாவுக்கு இட்லியைப் பாலில் பிசைந்து கொடுக்கச் சொல்லுங்கள். வாய் கோணியவர்களுக்கு அது இறங்கும் என்று இங்கே சொல்கிறார்கள்.

அன்புத் தங்கை
நாகு


கே.கே. நகர், மதுரை
2.12.2023

அன்புள்ள நாகுவுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, பேச்சுதான் குழறுகிறது. பிசியோதெரபி செய்ய வரும் பையனிடம் கோபப்படுகிறார். அது நல்ல அறிகுறி என்கிறார் டாக்டர். நீ வருவது பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. அதிர்ச்சியான எதுவும் அவர் காதுக்குப் போகக் கூடாதாம். கொஞ்சம் பொறு, தாயி. நானே சமயம் பார்த்து எடுத்துச் சொல்கிறேன்.

நீ கம்பத்தைப் பத்திரப்படுத்தியது நல்ல காரியம். ஐந்தாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் கடலோடு போய்விட்டன. அங்கே இருப்பவர்களுக்கு இந்தப் பொறுப்பு இல்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பதினான்கு இடங்களில் உன் இடம்தான் நிலையாக இருக்கிறது. இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்தொன்று. உனக்கு வடக்கே இருக்கும் ஊரில் ஆறு மீட்டராகச் சுருங்கிவிட்டது. தினமும் மறியல் செய்கிறார்கள். ஜனவரி முதல் தேதி ஆமைப் பருவத்துக்காகப் பம்பை நிறுத்தியாக வேண்டும். அதற்குள் கொட்ட முடிந்த மணல் முழுவதையும் அந்த ஊருக்குத் திருப்பிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை முதல் உங்கள் பக்கத்துக் குழாய் வாயை மூடுகிறார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் வந்து கம்பங்களைச் சரிபார்க்க வேண்டும். அப்பா இருக்கும் நிலையில் இந்த முறை முடியவில்லை. உன் கை அளவை நம்பித்தான் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


பனையடிவலசை
14.12.2023

பாசமுள்ள அண்ணனுக்கு,

அமாவாசை அளவு இருபது. தாள் வைத்திருக்கிறேன்.

அண்ணே, கடல் கிட்டத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் அலைச் சத்தம் கேட்கும். இப்போது வாசலில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கிறது. கம்பத்தை நேற்றோடு நாலாவது தடவையாக ஏற்றி நட்டாயிற்று. இவரிடம் கேட்டால், “பொங்கல் கழிஞ்சா தானாப் போயிரும். வருசா வருசம் வாரதுதானே” என்கிறார். தங்கப்பொண்ணு மதினி அப்படிச் சொல்லவில்லை. “குழாயை ஏன்டி மூடுனாய்ங்க? அம்புட்டுப் படிச்ச ஆளுக, ஒரு காரணம் இல்லாமயா மூடுவாய்ங்க? நீதானே தாள் அனுப்புற, கேட்டுச் சொல்லு” என்கிறார். எங்கள் வரிசையின் பதினோரு வீட்டுக்காரர்களும் என்னைத்தான் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

நாகு


கே.கே. நகர், மதுரை
22.12.2023

அன்புள்ள நாகுவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வாடைக் காலத்தில் கடல் பக்கத்தில் வந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும். கண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றுதான் அளவே எடுக்கிறோம். இருபது மீட்டர் என்பது பயப்படும் அளவு இல்லை. பன்னிரண்டுக்குக் கீழே போனால்தான் நாங்கள் எச்சரிக்கை கொடுப்போம். உங்கள் தெருக்காரர்களிடம் தைரியமாகச் சொல்.

அப்பா நேற்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அண்ணன்


சமுதாயக் கூடம், பனையடிவலசை
10.1.2024

அண்ணனுக்கு,

வீடு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல் சுவர் முதலில் சரிந்தது. அஸ்வினியைத் தூக்கிக்கொண்டு இவர் ஓடினார். நான் தாள்களும் ரேஷன் அட்டையும் இருந்த பையை எடுத்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் வரிசையில் ஏழு வீடு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. தங்கப்பொண்ணு மதினிக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது.

மீதி நாலு வீட்டையாவது காப்பாற்ற வேண்டும். பம்பு நிலையத்துக்குப் போய்க் கேட்டோம். ஆமை முட்டையிட வரும் நேரம், ஏப்ரல் முடியும் வரை ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆமைமேல் எங்களுக்குக் கோபமில்லை. வலையில் சிக்கினால் இவரே வலையை அறுத்து ஆமையை விட்டுவிடுவார். ஒரு பத்து நாள் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நாகு


கே.கே. நகர், மதுரை
16.1.2024

அன்புள்ள நாகுவுக்கு,

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே பம்பை ஓட்ட அனுமதி கேட்டு எழுதினேன். சென்னையிலிருந்து குழு வந்து பார்த்துத்தான் சொல்லும். மூன்று வாரமாவது ஆகும். இப்போதைக்கு மணல்மூட்டை அனுப்பியிருக்கிறேன்.

நாகு, ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். டிசம்பர் 27-ஆம் தேதிகூட நீ பத்தொன்பது மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். பத்தொன்பது மீட்டர் கரை பத்து நாளில் போகாது. கம்பம் இப்போது எங்கே நிற்கிறது?

அண்ணன்


சமுதாயக் கூடம், பனையடிவலசை
22.1.2024

அண்ணனுக்கு,

கம்பம் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரோட்டோர வேப்பமரத்தடியில் நிற்கிறது. மார்கழியில் வீட்டுக்கு முன்னால் மண் நிற்காது என்று தோன்றியதால், வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் நட்டோம். அங்கிருந்து வீட்டு ஓரமாக நாடாவை இழுத்துத்தான் பத்தொன்பது. வீடுதான் போயிற்று. கம்பம் பத்திரமாக இருக்கிறது.

நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கம்பத்தை நகர்த்திவிட்டு அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை, அப்படித்தானே? கம்பத்தைத்தான் காப்பாற்றச் சொன்னீர்கள் என்று நான் நினைத்தேன். நகர்த்தியதை எழுதினேனே, கழிக்க வேண்டியதை நீங்கள் கழித்துக்கொள்வீர்கள் என்று இருந்துவிட்டேன்.

என் கையால் எழுதிய இருபத்தொன்றைப் பார்த்துத்தான் குழாயை மூடினீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நாகு


கே.கே. நகர், மதுரை
20.2.2024

அன்புள்ள நாகுவுக்கு,

ஆம். அதைப் பார்த்துத்தான். இதை எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

விசாரணை நடந்தது. அறிக்கை எழுத வேண்டியவன் நான். கம்பம் நகர்ந்தது எப்படி, அலுவலகத்துக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டார்கள். நீ தெரிவித்தது வீட்டுக் கடிதத்தில். அதைக் கோப்பில் வைத்தால் நீ என் தங்கை என்பது வெளியே வரும். சரிபார்க்காமலே சரிபார்த்ததாக நான் கையெழுத்துப் போட்டதும் வரும். அந்த நிமிஷமே என் வேலை போய்விடும். அப்பாவுக்கு மாதாமாதம் மருந்து, வீட்டுக் கடன், அம்மா. இந்த வயதில் இன்னொருவர் எனக்கு வேலை கொடுக்கமாட்டார்.

அதனால், உள்ளூர் அளவாளர் அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் கம்பத்தை நகர்த்திவிட்டார் என்று எழுதியிருக்கிறேன். உன் மேல் வழக்கோ அபராதமோ எதுவும் வராது, விசாரித்துக்கொண்டுதான் எழுதினேன். அளவாளர் வேலை மட்டும் போகும். அறிக்கையை ஊரில் வாசிக்க வேண்டும் என்பது விதி. மார்ச் 8 அன்று வாசிப்பார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும்.

அன்று எதுவும் பேசாமல் இரு, தாயி. எல்லாம் அடங்கிய பிறகு உங்களுக்கு ஒரு வீடு கட்ட நான் உதவுகிறேன். இது அண்ணன் வாக்கு.

அழகுபாண்டி


பனையடிவலசை
11.3.2024

திரு. கா. அழகுபாண்டி அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை மீன் ஏலக்கூடத்தில் கூட்டம் நடந்தது. உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து வாசித்தார். நல்ல குரல், நிறுத்தி நிறுத்தி எல்லாருக்கும் புரியும்படி வாசித்தார். பெயர் இல்லை, எண் மட்டும்தான் என்று எழுதியிருந்தீர்கள். ஏழாம் எண்ணுக்கு அளந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான்.

வாசித்து முடித்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தங்கப்பொண்ணு மதினி நாற்காலியில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். “தெரிவிக்காமயா செஞ்ச? ஏன்டி, எங்ககிட்ட எழுதிட்டேன் எழுதிட்டேன்னு சொன்னியே, அதெல்லாம் பொய்யா?” என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

இவர் எழுந்து, “புடுங்கி நட்டது நானு. அவ நாடாவத்தான் புடிச்சா. என்ன கேக்கணுமோ என்னயக் கேளுங்க” என்றார். பின்னாலிருந்து ஒருவர், “ஒங்க ரெண்டு பேருக்கும் மதுரையில எம்புட்டுக் குடுத்தாய்ங்க மாப்ள?” என்றார். பத்து வருடம் இவரோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர். நேற்றிலிருந்து இவரை வள்ளத்தில் ஏற்றுவதில்லை.

டிசம்பர் இரண்டாம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் அன்று என் பையில் இருந்தது. பத்திரப்படுத்தியது நல்ல காரியம் என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டியிருந்தால் போதும். மதினி கேட்டபோது என் கை பைக்குள்தான் இருந்தது. அப்பாவின் மருந்தையும் அம்மாவையும் நினைத்தேன். கையை வெளியே எடுத்துவிட்டேன். சமுதாயக் கூடத்துக்குத் திரும்பி இவரிடம் சொன்னபோது, ஏன் காட்டவில்லை என்று இவர் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை அடுப்பில் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். இனி நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

எனக்குப் படிப்பு குறைவு. கம்பத்தை நகர்த்தினால் அளவு கெடும் என்று தெரியாமல் செய்தேன். அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன். மீதி நாலு வீடும் மாசி மாதத்தில் போய்விட்டன. அவர்கள் முன்னால் நடக்கும்போது தலை நிமிராது. ஆனால் தெரிவிக்காமல் செய்தேன் என்பது என்னுடையது இல்லை. அதையும் சேர்த்துத்தான் இந்த ஊரில் சுமக்கிறேன். வீடு கட்ட உதவுவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். எழுதவும் வேண்டாம், அலுவலகக் கவர் வந்தால் இங்கே எல்லாரும் பார்க்கிறார்கள்.

இன்று காலையில் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு கிளார்க் வந்தார். சமுதாயக் கூடத்தை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டுமாம். போக இடம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், “பொறந்த ஊரு எதும்மா?” என்றார். மதுரைப் பக்கம் என்றேன். “அட, நானும் திருப்பரங்குன்றந்தான்” என்று சிரித்தார். அப்புறம் பேனாவை எடுத்துக்கொண்டு, “கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா, போய்த் தங்க?” என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ரா. நாகஜோதி